சாவி யார்கிட்டே?

2023 அக்டோபரில் ஒரு பகல். திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஜன்னலோர ஸீட் கிடைத்த சந்தோஷத்தில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். எதிரே நாலு பேர் மடியில் துண்டை விரித்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கம்பார்ட்மென்ட்டே அலறியது! என் சட்டைப்பை, ரம்மிக்காரர்களின் சட்டைப்பைகள், வேர்க்கடலை விற்கிறவரின் இடுப்பு... எல்லா இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில், பல் டாக்டரின் மெஷினும் ஆம்புலன்ஸும் கல்யாணம் கட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம்.

"எவனோ அக்கவுன்ட்ல கை வெச்சுட்டான்!" என்று ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஓர் இளைஞன் போனை ஸீட்டில் போட்டுவிட்டு எழுந்து தள்ளி நின்றான். "பழைய போனு சார், வெடிக்குமா?" என்று கடலைக்காரர் என்னைக் கேட்டார். ரம்மிக்காரர்களில் ஒருவர் மட்டும் சீட்டுகளைக் கவிழ்த்து மார்போடு அணைத்துக்கொண்டார். உலகமே அழிந்தாலும் எதிராளி பார்த்துவிடக் கூடாதே!

விஷயம் ஒன்றுமில்லை. புயல், வெள்ளம் போன்ற நேரங்களில் எல்லா செல்போன்களுக்கும் எச்சரிக்கை அனுப்ப ஓர் ஏற்பாடு. அதை மத்திய அரசு சோதித்துப் பார்த்தது. 'இது சோதனைச் செய்தி. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை' என்று அதிலேயே போட்டிருந்தது. அரசாங்கம் சொன்னதை அன்றைக்குத்தான் நாங்கள் அப்படியே கடைப்பிடித்தோம். எதுவும் செய்யவில்லை. அரக்கோணம் வருவதற்குள் ரம்மி மறுபடி களைகட்டிவிட்டது.

டெக்னாலஜியைக் குறை சொல்லவில்லை. ஒரு டவரின் கீழே இருக்கிற அத்தனை போனையும் ஒரே நொடியில் அலறவைப்பது பெரிய காரியம்தான். ஆனால், அது நிஜமாகவே இருந்திருந்தால்? போன் அலறிய பிறகு வரும் ஐந்து நிமிஷம் இருக்கிறதே, அதில் யார் யாரை எழுப்புவது, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியை யார் தூக்குவது, எந்தப் பக்கம் போவது? இதையெல்லாம் எந்த ஸாட்டிலைட்டும் சொல்லாது. ஊர்தான் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். நம்ம ஊர் பேசி வைத்திருக்கிறதா?

'உங்க ஊர்ல என்ன சார் ஆபத்து? கடலா, எரிமலையா?' என்று ஆபீஸில் சிரித்தார்கள். முருகப் பெருமான் சண்டையெல்லாம் முடித்துச் சினம் தணிந்து வந்து உட்கார்ந்த இடம் என்பதால் எங்கள் ஊர் தணிகை. சாமிக்குத் தணிந்தது; சூரியனுக்குத் தணியவில்லை. மே மாதம் டி.வி.யில் 'அதிகபட்ச வெப்பநிலை' என்று வாசிக்க ஆரம்பித்தால் வேலூரோடு போட்டி போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப் பெயர் வரும். பெருமையா, வேதனையா என்று தெரியாமல் விசிறிக்கொண்டு பார்ப்போம். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-ல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. அதைப் பற்றியே தனியாக எழுதலாம். ஆனால், நான் சொல்ல வந்தது தண்ணீரை.

கொசஸ்தலை ஆறு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலும் முள்செடியும்தான். புதிதாக வருகிறவர்கள் 'ஆறு எங்கே?' என்று அதன் நடுவில் நின்றுகொண்டே கேட்பார்கள். ஆந்திராவின் சித்தூர் மாவட்ட மலைகளில் பெய்கிற மழை லவா, குசா என்று இரண்டு ஆறுகளாக இறங்கி (ராமாயணம் முடிந்தும் பிள்ளைகள் எங்கள் பக்கம்தான் சுற்றுகிறார்கள்!) பள்ளிப்பட்டு அருகே ஒன்றுசேர்ந்து, பூண்டி ஏரியைத் தொட்டு, கடைசியில் எண்ணூரில் கடலுக்குப் போகிறது. சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் எங்கள் பங்கும் உண்டு என்பதை இங்கே தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆற்றுக்கு மேலே, எல்லைக்கு அந்தப் பக்கம், கார்வேட்டிநகரம் அருகே கிருஷ்ணாபுரத்தில் ஓர் அணை. எங்கள் ஆட்கள் அம்மாபள்ளி அணை என்பார்கள். நிரம்பினால் திறந்துதான் ஆகவேண்டும். அதில் யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. திறந்தால் தண்ணீர் செக்போஸ்ட்டில் நிற்காமல் தமிழ்நாட்டுக்குள் வந்துவிடும். ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடி, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி அப்போதைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆற்றின் தலை அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எல்லைக்கோட்டை மாற்றலாம். மேட்டையும் பள்ளத்தையும் மாற்ற முடியுமா?

2021 நவம்பரில் அடித்த மழை ஞாபகம் இருக்கும். அணைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து வந்ததில் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தரைப்பாலங்கள் மூழ்கின. அக்கரைக் கிராமங்கள் அக்கரையிலேயே நின்றன. அப்படி ஒரு தரைப்பாலத்தின் ஓரத்தில் டீக்கடை போட்டிருக்கிற ஓர் அக்காவிடம் அந்தக் கதையைக் கேட்டேன். (பேர் போடாதே என்று சொல்லிவிட்டார். 'பேர் வந்தா பஞ்சாயத்துல எலெக்‌ஷன்ல நிக்கறியான்னு கேப்பாங்க.')

"சம்பந்தியம்மா போன் பண்ணாங்க தம்பி. அவங்க ஊரு அணைக்குப் பக்கம். 'வதினா, நீள்ளு வதிலினாரு'ன்னாங்க. தண்ணியத் தொறந்து வுட்டுட்டாங்களாம். நான் உடனே அடுப்பை அணைச்சுட்டு பெஞ்சு, பாய்லரு எல்லாத்தையும் மேட்டுக்கு ஏத்திட்டேன்."

"கவர்ன்மென்ட்லேருந்து சொல்லலையா?"

"சொன்னாங்க, ஜீப்புல மைக்கு வெச்சு. ஆனா சம்பந்தியம்மா முந்திக்கிட்டாங்க. பொண்ணு குடுத்த எடமில்ல!"

எல்லை ஊர்களில் பாதிக் கல்யாணம் எல்லை தாண்டித்தான். நகரியில் மாமனார், பள்ளிப்பட்டில் மாப்பிள்ளை. இரண்டு மாநில அதிகாரிகளுக்கு நடுவில் தகவல் போக ஃபைலும் ஃபேக்ஸும் வேண்டும். இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் ஒரு மிஸ்டு கால் போதும்.

அப்புறம் அக்கா சொன்னதுதான் முக்கியம். பாலத்தின் மேல் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. பேரிகேட் போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே நாலு வண்டிக்காரர்கள் அதை நகர்த்திவிட்டுப் போயாகிவிட்டது. கழுத்தில் கம்பெனி டேக் தொங்க ஒரு பையன் பைக்கில் வந்து நிற்கிறான். ட்ரெயினைப் பிடிக்கவேண்டும். லீவு போட்டால் சம்பளம் கட். ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஆக்ஸிலேட்டரை முறுக்கி, கணக்குப் போடுகிறான்.

"ஓடிப் போயி வண்டிச் சாவியப் புடுங்கிட்டேன்."

"அடடே! சண்டைக்கு வரலையா?"

"வராம இருப்பானா? 'யாரு நீ?'ன்னான். 'உங்கம்மாவும் நானும் ஒண்ணா நூறு நாள் வேலைக்குப் போனவங்கடா. நாளைக்கு அவ மூஞ்சியில நான் எப்டி முழிக்கறது?'ன்னேன். மொணமொணன்னுட்டு உக்காந்தான். அரை மணி நேரத்துல தண்ணி இன்னும் ஏறிச்சு. அப்புறம் ஒண்ணும் பேசல. மேட்டுல அடுப்ப மூட்டி டீயும் பஜ்ஜியும் குடுத்தேன். சாப்ட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "காசு குடுக்கல" என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் பாலத்தின் நடுவில் ஒரு துண்டையே காணோம். கலங்கல் தண்ணீருக்கு அடியில் சிமென்ட் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று வண்டியில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிற கண் எவனுக்கும் கிடையாது.

டேக் மாட்டிய சகோதரர்களுக்காக ஒரு கணக்கு. வேகமாக ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தால் ஆளைச் சாய்த்துவிடும். ஓர் அடி இருந்தால் சின்னக் காரைத் தூக்கி மிதக்கவிடும். இரண்டு அடி போதும், பெரும்பாலான வண்டிகள் அதன் இஷ்டத்துக்குப் போகும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நாலு மடங்காகிறது. நான் பி.காம், ஃபிஸிக்ஸை ஒன்பதாம் வகுப்போடு பயபக்தியாகப் பார்த்தவன். ஆனாலும் இது கந்துவட்டிக் கணக்கு மாதிரி இருப்பதால் உடனே புரிந்துவிட்டது.

பேரிகேட் நிறுத்தாத பையனை அக்கா எப்படி நிறுத்தினார்? பேரிகேட்டுக்கு அவன் அம்மாவைத் தெரியாது. இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனால், உலகத்தில் பேரிடர் வேலையில் உருப்படியாக ஏதாவது சாதித்த இடங்களைப் பார்த்தால் எல்லாம் இந்த டீக்கடைக்கே வந்து சேர்கின்றன. 1995-ல் ஜப்பானின் கோபே நகரத்தில் பூகம்பம். பணக்கார தேசம், ஃபயர் இன்ஜினுக்கும் இன்ஜினீயருக்கும் பஞ்சமில்லை. அங்கேயே இடிபாடுகளிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரைத் தூக்கியது அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும்தான். சைரன் வைத்த வண்டி வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரன் கடப்பாரையோடு வந்துவிடுகிறான்.

இதை ஒரு முறையாகவே செய்து காட்டியது பங்களாதேஷ். 1970 நவம்பரில் வந்த புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். புயல் வருவது தெரியாமல் இல்லை. தெரிந்த செய்தி ஊருக்குள் நுழையவில்லை. 1972-ல் செஞ்சிலுவை இயக்கத்தோடு சேர்ந்து ஒரு தொண்டர் படை ஆரம்பித்தார்கள். ஆர்ப்பாட்டமில்லாத சமாசாரம். ஒவ்வொரு கிராமத்திலும் அந்தக் கிராமத்து ஆட்கள். கையில் மெகாஃபோன், ரேடியோ, ஒரு சைக்கிள், கொடி. ஆபத்து கூடக்கூட ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி. படிக்காதவருக்கும் எண்ணத் தெரியுமே!

1991-ல் மறுபடி பெரிய புயல். 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் போனார்கள். அதில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். காரணம் கேட்டால் வயிற்றைப் பிசையும். வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுக்கொண்டு கிளம்பலாம் என்று வீட்டிலேயே காத்திருந்தவர்கள் பலர். எச்சரிக்கை சொல்ல வந்தவர்களெல்லாம் ஆண்கள். அவர்களோடு ராத்திரியில் புறப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கப் பெண்களுக்குத் தயக்கம். இன்றைக்கு அந்தப் படையில் சுமார் 76,000 பேர். அதில் சரிபாதி பெண்கள். 2007-ல் வந்த சிடர் புயலும் லேசுப்பட்டதில்லை. சாவு 3,400-ஐ ஒட்டி நின்றது. அதுவும் அதிகம்தான். ஆனால் பழைய கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒடிஸா இருக்கிறது. 1999 அக்டோபர் சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். அந்த வருஷமே பேரிடருக்கென்று மாநில அளவில் தனி அமைப்பு தொடங்கினார்கள். கடற்கரை ஊர்களில் புயல் பாதுகாப்புக் கட்டடம், கட்டடத்துக்குக் கிராமத்துக் கமிட்டி, கமிட்டிக்கு ஒத்திகை. 2013-ல் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். பத்து லட்சம் பேரை எந்த போலீஸாலும் லத்தியால் தள்ளிக்கொண்டு போக முடியாது. 'கிளம்பு பெரியம்மா, ஆடு கோழிய நான் பார்த்துக்கறேன்' என்று சொல்ல உள்ளூர் ஆள் வேண்டும். இறந்தவர்கள் ஐம்பதுக்குள் அடங்கினார்கள். 2020-ல் ஒடிஸாவின் நோலியாசாஹி, வெங்கட்ராய்ப்பூர் என்ற இரண்டு கிராமங்களுக்கு, சுனாமிக்குத் தயாரான ஊர்கள் என்று யுனெஸ்கோவின் கடல் அமைப்பு சான்றிதழ் கொடுத்தது. இந்தியாவில் அதுதான் முதல் முறை.

ஆனால், இதற்கெல்லாம் தலைப்பிள்ளை நம்ம ஊர்ப் பக்கமே இருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லிருந்து புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்து வந்தது. நல்லவாட்டில் அலை எத்தனை உயரம், காற்று எப்படி என்று இன்டர்நெட்டில் பார்த்து ஸ்பீக்கரில் சொல்வார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று அதைக் கேட்டு முடிவு செய்வார்கள். தினசரி வேலை, கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். முன்பு அதே மையத்தில் தொண்டராக இருந்தவர். டி.வி.யில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போடுகிறார். இங்கேயும் கடல் ஒரு மாதிரிதான் இருக்கிறது என்று தெரிந்ததும், 'எல்லாரையும் ஓடச் சொல்லு' என்கிறார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்துக்கு ஓடினார்கள். லீவு நாள். பூட்டு. யோசிக்கவில்லை, உடைத்தார்கள். ஸ்பீக்கரில் ஓடச் சொன்னார்கள். சுமார் 500 குடும்பங்கள், 3,600-க்கும் மேற்பட்ட ஜனம். வீடுகள் போயின, படகுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

சிங்கப்பூர் போனையும் இன்டர்நெட்டையும்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்கென்னவோ அந்தத் தினசரி அலை அறிவிப்புதான் பெரிசாகத் தெரிகிறது. என்றைக்கோ ஒருநாள் மட்டும் அலறுகிற ஸ்பீக்கரை யார் நம்புவார்கள்? தினமும் உண்மை சொன்ன ஸ்பீக்கர், அதனால் ஓடு என்றபோது ஓடினார்கள். எங்கள் ட்ரெயினில் போன் அலறியபோது நாங்கள் சீட்டுக்கட்டைத்தானே அணைத்துக்கொண்டோம்!

ஊரே சேர்ந்து காக்கிற இந்தப் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஆயிரம் வருஷத்துக்கு மேல் முன்னால், பராந்தக சோழன் காலத்திலேயே ஏரி வாரியம் என்று ஒரு கமிட்டி இருக்கிறது. குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்த மெம்பர்கள். ஏரிக்கரையைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. மழைக்காலத்தில் கரையில் ராத்திரி காவல் இருப்பதும், உடைப்பு எடுத்தால் பறை கொட்டி வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு ஓடுவதும் எங்கள் தாத்தா காலம்வரை நடந்தது. வெள்ளைக்காரன் அதைப் பார்த்துவிட்டு 1858-ல் சட்டமே போட்டான். வெள்ளத்தைத் தடுக்கவும் குடிமராமத்து செய்யவும் கூப்பிட்டால் வரவேண்டும், வராவிட்டால் தண்டனை. ஜனங்கள் தானாக வந்துகொண்டிருந்த காரியத்தை மிரட்டி வாங்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? கரை கவர்ன்மென்ட்டுடையது ஆனது. உடைந்தால் அவன் பார்த்துப்பான் என்று நாம் திண்ணைக்குப் போய்விட்டோம்.

2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்டத்துக்கு ஒரு திட்டம் இருக்கவேண்டும். இருக்கிறது, நல்ல கனமாக. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண் இருக்கிறது, மாநிலத்துக்கு 1070. அக்காவின் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆறு பேரிடம் கேட்டேன். ஆறு பேருக்கும் ஐ.பி.எல். ஸ்கோர் தெரிந்தது. 1077 ஒருத்தருக்கும் தெரியவில்லை. 'ஆப்த மித்ரா' என்று மத்திய அரசுத் திட்டம் ஒன்று உண்டு. (சந்திரமுகிக்கு ஒரு வருஷம் முன்னால் வந்த கன்னடப் படம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) 2016-ல் சின்ன அளவில் ஆரம்பித்து, பிறகு 350 மாவட்டங்களில் 1 லட்சம் தொண்டர்கள் என்று இலக்கு வைத்தார்கள். 12 நாள் பயிற்சி, ஒரு உபகரணப் பை, இன்ஷூரன்ஸ். நல்ல திட்டம். அந்தப் பயிற்சி எடுத்த பையன் நம்ம தெருவில் யார் என்று தெருவுக்குத் தெரியுமா என்பதுதான் என் சந்தேகம்.

பயிற்சி அவசியம். மனசு மட்டும் போதாது. தண்ணீரில் ஒருவன் அடித்துக்கொண்டு போனால் இரண்டு பேர் குதிப்பார்கள். மூன்று பேரைத் தேட வேண்டிவரும். கயிறு போடு, காற்றடைத்த டயர் ட்யூபைப் போடு, கடைசிவரை குதிக்காதே என்பது சொல்லிக்கொடுத்தால்தான் வரும். அதேபோல சம்பந்தி போனும் மட்டும் போதாது. 'ஏரி உடைஞ்சிடுச்சு' என்று 2015 வெள்ளத்தில் கிளம்பிய புரளிகளைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சம்பந்தியம்மா சொன்னதை ஒரு தடவை 1077-ல் சரிபார்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

மனசு என்று சொன்னேனே, அதற்குக் குறைச்சலே இல்லை. 2023 டிசம்பர் 17-ம் தேதி தூத்துக்குடி மாவட்டத்தில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. உள்ளே சுமார் 800 பேர். சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி கிராமத்துக்காரர்கள் தங்கள் வீடுகளிலும் வெள்ளம் என்பதை மறந்து, கோயிலில் வைத்துச் சமைத்து, ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் அத்தனை பேருக்கும் சோறு போட்டார்கள். 2018-ல் கேரள மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுமார் 65,000 பேரைக் காப்பாற்றியதும் இதே ரகம். யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால், இதெல்லாம் வெள்ளம் வந்த பிறகு. வருவதற்கு முந்தின வாரம் இந்த ஜனங்களை யாராவது ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்களா? பாதிக்கப்பட்டவர்கள் என்ற லிஸ்ட்டில்தான் அவர்கள் பெயர் வரும். பணியாளர் லிஸ்ட்டில் வராது.

காமர்ஸ் படித்தவனுக்கு இது பழகின வியாதி. பேலன்ஸ் ஷீட்டில் கடைசியாகப் பொடி எழுத்தில் 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' என்று ஒன்று போடுவோம். வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடன். அதை யாரும் படிப்பதில்லை. அதற்காகப் பணம் ஒதுக்கச் சொன்னால் முதலாளி முறைப்பார். வந்துவிட்டால் கம்பெனியே இருக்காது.

எங்கள் ஊரைப் பற்றி எனக்கு ஆச்சரியமே இதுதான். ஆடிக் கிருத்திகைக்கு வந்து பாருங்கள். காவடியும் அரோகராவுமாக லட்சக்கணக்கில் ஜனம். அந்த 365 படியிலும் எள் போட இடமிருக்காது. தண்ணீர்ப் பந்தல் யார், அன்னதானம் யார், மயக்கம் போட்டு விழுந்தால் தூக்குவது யார், எந்தச் சந்தில் வண்டியை விடக் கூடாது, எல்லாம் தெரு வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். 'மஞ்சள் சட்டை, மொட்டை போட்ட நாலு வயசுப் பையன்' என்று மைக்கில் அறிவிப்பு வரும். (அன்றைக்கு ஊரில் எல்லாப் பையனும் மஞ்சள் சட்டை, மொட்டைதான்!) எப்படியோ சாயங்காலத்துக்குள் பிள்ளை அம்மாவிடம் போய்விடும். இதற்கு யாரும் எங்களுக்கு ட்ரெயினிங் கொடுக்கவில்லை. அதே ஆட்கள், அதே மைக், அதே அண்டா. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆறு வந்தால் மட்டும் மேலே இருந்து யாராவது வருவார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். கிருத்திகைக்குத் தேதி தெரியும், வெள்ளத்துக்குத் தெரியாது என்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரும் என்று தெரியுமே! தேதிதானே தெரியாது?

இதையெல்லாம் அக்காவின் கடையில் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். நான் வெறும் குமாஸ்தா. சொன்னதெல்லாம் கடையில் இருந்தவர்கள்தான். தெருவில் தனியாக நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர்? பதினொன்று. நிறைமாசக் கர்ப்பிணி? இரண்டு. அக்கா ஒருத்தியைச் சேர்த்தார். "மூணு. அவ இன்னும் வீட்ல சொல்லல." மேட்டில் இருக்கிற கட்டடம்? பள்ளிக்கூடம். ட்ராக்டர்? மூன்று, அதில் ஒன்று ஓடும். ட்யூப்? பங்ச்சர் கடையில் எட்டு. ஆந்திரா பக்கம் போன் போட வேண்டியவர்கள்? நாலு சம்பந்தி, ஒரு மச்சான். அந்த மச்சானோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லையாம், அடித்துவிட்டோம். ராத்திரி பாலத்துக்கு இந்தப் பக்கம் கயிறு கட்டி உட்காருவது? இரண்டு பையன்கள் முன்வந்தார்கள். அதில் ஒருத்தன் டேக் மாட்டியிருந்தான். பழைய பஜ்ஜிப் பார்ட்டியா என்று அக்காவைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி எப்படிச் சொல்றது?" என்று கேட்டேன்.

"அம்மன் கோயில் மைக்கு இருக்குதே. கோபுரத்து மேல ரெண்டு குழாய். அக்கரைக்கே கேக்கும்."

"கரன்ட் போயிட்டா?"

"பேட்டரி இருக்குது. ஆடிக்கு வாங்கினது."

"மைக் ரூம் சாவி?"

கடை அமைதியாகிவிட்டது.

"தர்மகர்த்தாகிட்ட" என்றார் ஒருவர்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் எங்கே இருப்பார்?"

"வீட்லதான். அக்கரையில."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நான் நல்லவாட்டுப் பூட்டுக் கதையைச் சொன்னேன். 'உடைச்சுடலாம் சார்' என்று ஒரு பையன் உற்சாகமானான். அக்கா அதட்டினார். "கோயில் பூட்ட ஒடைப்பியா? டூப்ளிகேட் போடுறதுக்கு இன்னாடா செலவு?"

அறுபது ரூபாய். அதை யார் போடுவது, கோயில் கணக்கா, ஊர்க் கணக்கா என்று இன்னும் இரண்டு டீ நேரம் விவாதம் நடந்தது. தர்மகர்த்தாவிடம் போனில் பேசி, அவர் முதலில் முறுக்கிக்கொண்டு, 'பித்தளையில போடுங்க, இரும்பு துருப்பிடிக்கும்' என்று கடைசியில் சம்மதித்தார். பித்தளை என்றால் எண்பது. அக்காவின் கல்லாவில் சில்லறைக்குப் பின்னால், சிவப்புக் கயிற்றில் கோத்து அது இப்போது கிடக்கிறது. கயிறு, ட்யூப், காலண்டர் எல்லாவற்றையும் வைத்து ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்ப்பதாகப் பேச்சு. 'ஒத்திகைக்கு பஜ்ஜி உண்டா அக்கா?' என்று கேட்கிறார்கள் பையன்கள்.

"உண்டு. இந்தத் தபா காசு குடுத்துட்டு" என்கிறார் அக்கா.